பாவு நூலின் கீழே நடந்த குழந்தை

1971-ஆம் வருடம், மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர்கள் நிறைந்த ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர்.

எங்கள் மூத்த பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு வயது, ஐந்து மாதம், பன்னிரண்டு நாள். எட்டுப் பல் முளைத்திருந்தது. பதினொரு வார்த்தை பேசினாள். ஆனால் நடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை எடுத்தால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். எதிர்வீட்டுக் குழந்தை பத்தாம் மாதமே நடந்துவிட்டது. யார் என்ன சமாதானம் சொன்னாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. காலில் ஏதோ கோளாறு என்று நானே முடிவு கட்டி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நாள் லீவு போட்டேன்.

ஏழேகால் மணிக்கு பஸ். ஆறேமுக்காலுக்கு வெளியே வந்தால், தெருவை அடைத்துப் பாவு கட்டியிருக்கிறது. புடவையின் நீளவாட்டில் ஓடும் பட்டு நூலைத்தான் பாவு என்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகளை இடுப்பு உயரத்தில், ஐந்தாறு வீட்டு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். காய்கிறவரை அவிழ்க்க முடியாது. நான் சொல்லி வைத்திருந்த சைக்கிள் ரிக்‌ஷா தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

அது பக்கத்து வீட்டுக்காரரின் பாவு. என் வயதுதான் அவருக்கும்.

"மாசத்துக்கு நாலு நாள் இதே ரோதனையா? ரிக்‌ஷா எப்படி உள்ளே வரும்?" என்று கத்தினேன்.

"இன்னா வாத்தியாரே, பத்து வூடு தாண்டினா முனை. நடந்து போனா இன்னா?"

"யாரு நடக்கிறது? இவ நடக்கலைன்னுதானே பட்டணம் போறோம்!"

அவர் மனைவி களுக்கென்று சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் மனைவியின் ஒரு கையில் பை, மறு கையில் பிளாஸ்க். குழந்தையைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, கையை நீட்டி நீட்டிச் சண்டை போட ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது.

"ஏங்க, பாப்பா!" என்று அலறினாள் மனைவி.

குழந்தை தவழ்ந்து பாவின் கீழே போயிருந்தாள். பதறிக் குனிந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நூல் அறுந்துவிடும் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"உள்ள கைய நீட்டாதீங்க வாத்தியாரே. அங்க பாருங்க."

பாவின் அடிப்பக்கத்தில் கஞ்சித் தண்ணீர் துளித்துளியாகத் தொங்கியது. ஒரு துளி அவள் மூக்கில் விழுந்து உதட்டுக்கு வழிந்தது. நாக்கால் நக்கிப் பார்த்தாள். பிடித்துவிட்டது போலும். தரையில் கை ஊன்றி, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். தலைக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வாயைத் திறந்துகொண்டு அடுத்த துளியைப் பார்த்து ஒரு அடி வைத்தாள்.

"கூப்பிடவா?" என்றேன்.

"கூப்பிட்டா உக்காந்துடும். போவட்டும் வுடுங்க."

இரண்டு. மூன்று. நான் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தேன். பாவின் இரு பக்கமும் தெரு ஜனங்கள் குனிந்துவிட்டார்கள். இழை எண்ணிப் பழகியவர்கள்; அவர்களும் சேர்ந்து மெதுவாக எண்ணினார்கள். தெலுங்கு பேசும் மூன்றாம் வீட்டு அம்மா மட்டும், "ஏடு, எனிமிதி, தொம்மிதி" என்றார்.

"அக்கா, கணக்கைக் கொழப்பாதே!" என்று அதட்டினார் பக்கத்து வீட்டம்மா.

கைகளை விரித்து, தள்ளாடித் தள்ளாடி, ஒவ்வொரு துளியாக வாயில் ஏந்திக்கொண்டே போனாள் என் பெண். முப்பத்து நான்கு அடி. முப்பத்தைந்தாவதில் தடுமாறி, மேலே கையை நீட்டி நூலைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவே கைதட்டிய சத்தத்தில் பயந்துபோய் ஓவென்று அழுதாள். என் மனைவியும் அழுதாள், பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு.

ஏழு இழை அறுந்திருந்தது. சற்று முன்பு கத்திய வாயோடு அவர் முன்னால் தலைகுனிந்து நின்றேன். அவரோ இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டே, "எந்தப் பொண்ணு கட்டப்போற கல்யாணப் பொடவையோ! நம்ம பாப்பா நடந்த பொடவைன்னு அதுக்கு யாரு சொல்றது?" என்று சிரித்தார்.

முனையிலிருந்து ரிக்‌ஷாக்காரர், "வரீங்களா, இல்லியா சார்?" என்று குரல் கொடுத்தார்.

"நீ போப்பா. பாப்பா பட்டணத்துக்கு நடந்தே வருதாம்!" என்றார் பக்கத்து வீட்டம்மா.

பஸ் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை. மறுநாள் அறுபது அடிவரை எண்ணினேன்; அதற்குமேல் கணக்கு விட்டுப்போனது. அதற்கடுத்த நாள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். பங்குனி பிறந்தபோது ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். வைகாசியில் அதே மாதிரி பாவு கட்டியபோது உள்ளே நுழைந்தவள் தலை நூலில் இடித்து, தானாகவே குனிந்துகொண்டாள். மூன்றே மாதம்! பிறகு பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை, வேறு ஊர் என்று காலத்தோடு சேர்ந்து அவளும் ஓடினாள்.

இன்றும் எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன், எண்ணிவிட்டுக் கவலைப்படுகிறேன். ஆனால் என் மகள் நடந்ததில் நான் ஒன்றுவிடாமல் எண்ணி முடித்தது அந்த முப்பத்து நான்கு அடிகள் மட்டும்தான் என்பதை நினைக்கும்போது, எண்ண முடியாத வேகத்தில் அவள் வளர்ந்ததே நான் பெற்ற பெரிய பாக்கியம் என்று தோன்றுகிறது.