நான் கண்டுபிடித்த ஒரே தப்பு

இரண்டு வருடமாக நான் கட்டிக் காத்த நானூறு வரி ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனை, பெஹாலாவிலிருந்து வரும் ரம்யா மூன்றே நாளில் பைப்லைனாக மாற்றிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எல்லாம் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். ஒன்று முடித்துக் கொடுப்பதை அடுத்தது வாங்கிக்கொள்கிறது. நடுவில் புதிதாக எதையாவது மாட்ட, அங்கங்கே ஹுக். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

மேனேஜர் "தாருண், தாருண்!" என்று, அதாவது பிரமாதம் என்று, வங்காளத்தில் சிலாகித்துவிட்டு, கோட் ரிவ்யூவை என்னிடமே தள்ளினார். இன்று மதியம் சாப்பாட்டைக்கூட மறந்து தப்பு தேடினேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. எங்குமே பயன்படாத ஒரு வேரியபிள்.

அவள் மேஜைக்கே போய், எல்லோர் காதிலும் விழும்படி, "இது எதுக்கும்மா இங்க இருக்கு?" என்றேன்.

"அது உங்க பழைய கோட்ல இருந்தது அண்ணா. எனக்கும் புரியல. உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு தொடாம விட்டேன்."

"ஆமா, இருக்கு. நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

காளிகாட்டில் மெட்ரோ ஏறியதிலிருந்து யோசிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த புண்ணியவான்கள் யாராவது காலைக்குள் ஒரு காரணம் சொல்லுங்கள்.