ஆன் ஆகாத ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் என் கணவர் ஒரு பட்டனை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். விரலை மாற்றி அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தபடி சாமி கும்பிடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். ம்ஹூம்... ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை, ஒரு முனகல்கூட இல்லை.

புத்தம் புது கம்ப்யூட்டர். முந்தின நாள் அவரே கையால் பூட்டியது. இந்த ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மண்ணூரிலிருந்து ஆள் வருகிறார்.

நான் சமையலறையில் இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, யார் லேட், யார் லீவ், யார் ஓ.டி. என்று எழுதி எழுதி விரல் வீங்கிப்போகிறவள். ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு தலையணை. அதுவும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது.

"ப்ளக் பாயிண்ட்ல கரண்ட் வருதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது.

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் சேகரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் – ஒன்பது வருடம் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். போன வருடம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். நோட்டீஸ் போர்டில் ஒரு லிஸ்ட், அதில் ஐந்தாவதாக இவர் பெயர். அவ்வளவுதான்.

நான்கு மாதம் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா இருப்பது என்றால் என்ன தெரியுமா? தினமும் காலையில் நான் கம்பெனி பஸ் ஏறும்போது வாசலில் நின்று டாட்டா காட்டுவது. முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஆளுக்கொரு பஸ் பிடிப்போம். அந்த டாட்டாவைப் பார்க்க முடியாமல் நான் வாசல் தெரியாத எதிர்ப்பக்க சீட்டில் உட்கார ஆரம்பித்தேன்.

பிறகு அவராகவே போய் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் வகுப்பில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் இவர் வயதில் பாதி. ஆறு மாதம். அது முடிந்து கிடைத்த முதல் ஆர்டர்தான் இது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மூன்று தடவை போய் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருவதுபோல.

அந்தப் பிள்ளைதான் அழ மாட்டேன் என்கிறது.

பதினொரு மணிக்குப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். கரண்ட் கொடுக்கும் பெட்டியை மட்டும் தனியாகச் சோதித்தார். அதன் ஃபேன் நன்றாகவே சுற்றியது. மெமரி கார்டை எடுத்து அதன் பல்வரிசையை ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினார். பட்டனை அழுத்தினார். இல்லை. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கி மாட்டினார். இல்லை. கடைசியில் மதர்போர்டையே கழற்றி, ஒரு அட்டையின் மேல் வைத்து, பட்டன் ஒயரை மட்டும் இழுத்து மாட்டி அழுத்தினார்.

இல்லை.

மணி ஒன்றரை. தட்டில் போட்ட சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நான் போய்க் கூப்பிட்டபோது அவர் இரண்டு கைகளையும் தன் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"பிராசஸர் வைக்கும்போது கை லேசா நடுங்குச்சு. அப்பவே நெனச்சேன். போர்டைச் சாகடிச்சுட்டேன் போல."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனைவி என்ன சொல்லியிருப்பாள்? நானும் யோசித்துப் பார்த்தேன் – மறுநாள். அன்றைக்கு எனக்கு இருந்த அலுப்பில் வாயில் வந்தது இதுதான்:

"தெரியாத வேலைல எறங்கினா இப்படித்தான் ஆகும்."

அவர் எழுந்து வந்து சாப்பிட்டார். ரசம் கேட்கவில்லை, மோர் கேட்கவில்லை. கை கழுவிவிட்டுத் திரும்ப அட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஆனால் எதையும் தொடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டரைக்கே வந்துவிட்டார் மண்ணூர் தேசிங்கு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். இன்னமும் கொஞ்சம் நெல் போடுகிறார். மருமகள் டிகிரி முடித்தவள், வீட்டிலேயே டைப்பிங் வேலை எடுத்துச் செய்யட்டும் என்று அவளுக்காகத்தான் இந்தக் கம்ப்யூட்டர். கையில் ஒரு பை. அதில் சாமந்திச் சரம், குங்குமம், மானிட்டர் மேல் வைக்க ஒரு எலுமிச்சம்பழம்.

"இன்னா சார், ரெடியா? வூட்ல எல்லாரும் வாசலையே பாத்துகினு கீறாங்க."

சேகர் ஹாலுக்குப் போகும் கதவுத் திரையை இழுத்துவிட்டுவிட்டு, "செட்டிங் போய்க்கினு இருக்கு, உக்காருங்க" என்றார். பத்து வருடக் குடித்தனத்தில் இவர் பொய் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.  முன்னறையில் நாற்காலி போட்டு, காபி கொடுத்தேன். அரை மணி கழித்து இன்னொரு காபி. நானும் டைம் ஆபீஸ்காரிதானே, என் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை.

மூன்றேகாலுக்கு மாடியிலிருந்து பேச்சி இறங்கி வந்தாள்.

எங்கள் மாடி அறையில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். பேச்சியம்மாள் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு டெஸ்ட் பண்ணும் லைனில் இருக்கிறாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம், கையில் பக்கெட்.

"அக்கா, மோட்டார் போடுதீயளா? மேல சொட்டுத் தண்ணி இல்ல."

மோட்டார் சுவிட்ச் ஹாலுக்குள் இருக்கிறது. உள்ளே வந்தவள் அட்டையையும் அவரையும் பார்த்தாள்.

"என்னண்ணே செய்யுதீய?"

"போர்டு போயிடுச்சும்மா."

"போயிட்டுன்னு எப்படித் தெரியும்?"

அவர் காலையிலிருந்து செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அவள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, நடுவில் பேசாமல் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தியளே... இந்தப் பட்டன மாத்துனீயளா?"

அவர் பெட்டியின் முகப்பைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பட்டன் ஒயர் எந்த ரெண்டு பின்னுல வருது? அதக் கழத்துங்க. ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

அவர் காட்டிய இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டாள்.

ஃபேன் சுற்றியது. பீப் என்று ஒரு சத்தம்!

 அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மதர்போர்டு நல்ல போர்டு, பிராசஸர் நல்ல பிராசஸர், அதை வைத்த கையும் நல்ல கை. பெட்டியின் முகப்பில் பெரிதாக, பளபளவென்று இருந்த அந்தப் பட்டன் மட்டும்தான் சொத்தை.

"எங்க லைன்ல ஒருநா வரிசையா எல்லா போர்டும் ஃபெயில்னு வந்துச்சுண்ணே" என்றாள் பேச்சி. "சூப்பர்வைசர் எங்களத்தான் ஏசுனாரு, கை சரியில்ல, கவனம் இல்லன்னு. ரெண்டு பிள்ளைங்க அழுதுட்டாளுவ. கடைசீல பாத்தா, டெஸ்ட் பண்ணுத மெஷின்ல ஒரு பின் வளைஞ்சு கெடக்கு! அதுலேர்ந்து ஃபெயில்னு வந்தா நான் மொதல்ல மெஷினத்தான் சந்தேகப்படுவேன்."

சொல்லிவிட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டாள். "அக்கா, மோட்டாரு..."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து மணி நேரமாக இவருக்குப் பிடிபடாததை, பக்கெட்டோடு வந்த பெண் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டாள். எந்த ஆம்பிளைக்கும் அதை விழுங்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், இல்லையா? அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. பிறகு கடகடவென்று வேலையில் இறங்கினார். முகப்பில் ரீசெட் என்று ஒரு குட்டிப் பட்டன் இருக்கிறது. அதன் ஒயரை எடுத்துப் பவர் ஊசிகளில் மாட்டினார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். இந்தத் தடவை கை நடுங்கியதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுங்கவில்லை.

நாலு மணிக்குத் திரையை விலக்கினார். தேசிங்கை உள்ளே கூப்பிட்டார். சொல்லாமலே கொடுத்து அனுப்பியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சொன்னார்.

"அப்போ சொன்னது பொய்ங்க. காலைலேர்ந்து இது ஆன் ஆகல. பெரிய பட்டன் ரிப்பேர். இப்போதைக்கு இந்தச் சின்னதை அழுத்தித்தான் போடணும். வேணாம்னா ரெண்டு நாள் டைம் குடுங்க, வேற பெட்டி மாத்தித் தர்றேன்."

தேசிங்கு கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"இப்ப ஓடுதா, ஓடலையா? அத்த மட்டும் சொல்லு சார்."

"நல்லா ஓடுது."

"அப்பறம் இன்னா? எங்க போர்செட்டுல பச்சை பட்டன் பூடுச்சி. குச்சி வச்சி அமுக்கிகினு கீறோம். தண்ணி வராமயா கீது?"

நாலே காலுக்கு வண்டி கிளம்பியது. மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார் தேசிங்கு. 'எனக்கு ஏதாவது சரியாக நடக்காவிட்டால், முதலில் யாரைச் சந்தேகப்படுகிறேன்?' என்று யோசித்தபடி நான் கேட்டைச் சாத்தினேன். வேறென்ன, என்னைத்தான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். நோட்டீஸ் போர்டில் பெயர் வந்தால் நம் கையை நீட்டிப் பார்க்கிறோம். நோட்டீஸ் ஒட்டியவனின் கையை யார் பார்க்கிறார்கள்?

இனியாவது தூங்கலாம் என்று தலையணையில் சாய்ந்தேன். ராகுகாலம் முடிந்து, ஆறே காலுக்கு போன் அடித்தது. மண்ணூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தேசிங்கு. ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"சார்! எரியுது சார்! சூப்பரா எரியுது. ஆனா இத்த அணைக்கிறது எப்பிடி? யாரும் தொட மாட்டேன்றாங்க!"

சேகர் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம், வாய்விட்டு. "தோ வர்றேன், அப்படியே இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்ட ஆரம்பித்தார்.

நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். மத்தியானம் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ஏங்க... நான் அப்போ..."

"வண்டிச் சாவி எங்க வச்சேன்?" என்றார்.

தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரு நொடி என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் ஸாரி சொல்வதற்கும் ஏற்பதற்கும் இவ்வளவுதான் டைம்!