அக்கா பிரிக்காத கவர்

காக்கிக் கவரின் வாயில் பசை தடவி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்து, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார் டைம் ஆபீஸ் அக்கா. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் நானும் போட்டேன். என் பெயரின் கடைசி எழுத்து கவரை விட்டு மேசைக்கு ஓடிவிட்டது. "இது உன்னோடது. கம்பெனி பீரோவுல இருக்கும், அம்புட்டுதான்" என்றார். உள்ளே இருந்தது பெரியாஸ்பத்திரி டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டு.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலை. ரூமுக்கு நாலு பேர், எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்பும் ஒரு தடவை விழுந்திருந்தேன். வலிப்பு என்றார் டாக்டர். மாத்திரை விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும், ஆனால் நெருப்புக்கும் வெடிமருந்துக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா ஒரே பேச்சுத்தான் பேசினாள். "வெளிய மூச்சு விட்றாத. கல்யாணமாக வேண்டிய பிள்ள."

அதனால் மறுநாளும் அதே ரூமில் போய் உட்கார்ந்தேன். அந்த அரை நாளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வேர்க்கிறது. கை வேலையைச் செய்தது. கண் எதிரே இருந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒருத்திக்குக் கைக்குழந்தை இருந்தது. நான் விழுந்தால் நான் மட்டும் போகமாட்டேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்குச்சட்டியைத் திறக்காமல் டைம் ஆபீசுக்குப் போய்ச் சீட்டை நீட்டினேன்.

அக்கா சிவகாசி டவுனில் பேப்பர் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். வருகைப் பதிவு, லீவு, ஆட்களின் சான்றிதழ்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சீட்டைப் படித்தவர் முகம் மாறவில்லை. "அய்யோ பாவம்" என்று ஒரு சொல் வந்திருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். "நீ இப்ப எந்த ரூமு?" என்று மட்டும் கேட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரே வெயிலில் நடந்து போய் ஃபோர்மேனைப் பார்த்தார். "இந்தப் பிள்ளய மருந்துப் பக்கம் விடாதீக. டாக்டர் எழுதியிருக்காரு. இன்னைலருந்து பேக்கிங்." ஏன் என்று ஃபோர்மேன் கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரிய வேண்டியது அம்புட்டுதான்" என்றார். திரும்பி வந்த பிறகுதான் அந்தக் கவரை ஒட்டினார்.

பேக்கிங்கில் ஆபத்து குறைவு. அந்த இடத்துக்கு மருந்து ரூமிலிருந்து எத்தனையோ பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரூமில் மூத்தவருக்குப் பத்து வருடமாக விரல் இடுக்கெல்லாம் மருந்தில் சேர்க்கும் வெள்ளிப்பொடி ஏறிக் கிடந்தது. "நான் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. நேத்து வந்தவளுக்கு ஒரே நாள்ல எடம் கெடைக்குதுன்னா என்ன அர்த்தம்?" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. என் அம்மா அக்கா வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அக்கா வேண்டியவர்களுக்குத்தான் செய்வார் என்று இன்னொரு பேச்சு. காலையில் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர்கள்கூட வருகைக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் போனார்கள். கடைசியில் முப்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு மேனேஜருக்குப் போனது.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கவரும் மேசைமேல் இருந்தது.

"என்ன காரணம்னு சொல்லும்மா. நான் வெளிய போய் ஒரு பதில் சொல்லணும்ல?" என்றார்.

"அவ மருந்தத் தொடக் கூடாது. அது உங்களுக்குத் தெரியணும், சொல்லிட்டேன் சார். என்ன சீக்குங்கிறது வேலைக்குத் தேவையில்ல."

"மேனேஜருக்குமா?"

"கவர் உங்க முன்னாடிதான் இருக்கு. நீங்க பிரிச்சா நான் கையப் பிடிக்க முடியாது. என் கையால பிரிக்கமாட்டேன் சார். நம்பிக் கொடுத்திருக்கா."

மேனேஜர் கவரைத் திருப்பிப் பார்த்தார். அதன் மேல் இருந்த இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். பிரிக்கவில்லை. "உடம்புக்கு முடியலைன்னாவது சொல்லிரட்டுமா?" என்றார். கல்யாணமாகாத பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊர் என்னென்ன சேர்த்துச் சொல்லும் என்று அங்கிருந்த மூவருக்குமே தெரியும். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். அப்படியானால் ஆட்களைச் சமாதானப்படுத்த வேறு வழியில்லை என்று சொல்லி, ஆனைக்குட்டம் பக்கம் இருந்த குடோனுக்கு அவரை மாற்றினார் மேனேஜர்.

நான் அங்கேதான் நின்றேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். என் வாயைத் திறக்க எனக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பீரோச் சாவியை ஒப்படைக்கும் முன்னால், அந்தக் கவரை மட்டும் கம்பெனி டாக்டரின் பெட்டிக்கு மாற்றச் சொல்லி, மாற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர்மேல் போட்ட பழியோடு குடோனுக்குப் போய், அந்த சீசன் முழுக்க லோடு எண்ணினார்.

ஆறேழு மாதத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அச்சங்குளத்துக்காரர், வேன் ஓட்டுகிறவர். பெண்ணைப் பற்றி விசாரிக்க அவருடைய சித்தி தேடிப் போனது அக்காவைத்தான். இந்தப் பெண்ணால் இடம் மாறியவர், இருப்பதை ஒளிக்காமல் கொட்டிவிடுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்டாராம். "நேரத்துக்கு வருவா, வேலையப் பாப்பா. அதுக்கு மேல வேணும்னா அந்தப் பிள்ளகிட்டயே கேளுங்க. எங்கிட்ட கேக்காதீக" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறிவிட்டாராம். சித்தி இதை எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். என்னால் முடியவில்லை. அக்கா காப்பாற்றிக் கொடுத்தது, சொல்வதா வேண்டாமா என்று நானே முடிவு செய்யும் உரிமையை. அதை வைத்து ஒருவரை ஏமாற்றவா போகிறேன்?

அம்மாவுக்குத் தெரியாமல் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையைச் சந்தித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அவர் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். இரண்டு வாரம் தகவலே இல்லை. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் வாரம் கம்பெனி வாசலில் நின்றார். "அடுத்த தடவ டாக்டரப் பாக்கப் போகும்போது நானும் வரட்டுமா? எனக்குச் சிலது கேக்கணும்" என்றார்.

மனு எழுதிய மூத்தவரிடமும் பிறகு சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "எங்க உசுரையும்ல பாத்திருக்கு அந்தம்மா" என்றார். எழுந்து கைகழுவி நேராக மேனேஜரிடம் போனார். அடுத்த சீசனுக்கு அக்கா பழைய இடத்துக்கே திரும்பி வந்தார். பின்னாளில் தபால் வழியில் படித்து முடித்த என்னை அவர்தான் ஆபீசுக்கு இழுத்தார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. போன மாதம் ஒரு சூப்பர்வைசர், ஒரு பெண்ணின் மருத்துவச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். மாட்டேன் என்றேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, கல்யாணப் பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போன நாள்தான். அவர் இன்னும் குடோனில் இருந்த காலம். மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். அக்கா டீ கொடுத்தார், பத்திரிகையைப் படித்தார், மழையில்லாததைப் பற்றிப் பேசினார். என்னிடம் ஒரு சொல்கூட உடம்பைப் பற்றி இல்லை.

"அக்கா, இவுகளுக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

"எது?" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஏதோ அன்றுதான் என்னை முதன்முதலாகப் பார்ப்பவர் போல இருந்தார்.

"எனக்கு வலிப்பு இருக்கு."

அதை நான் என் வாயால் சொல்லும்வரை அவர் அசையவில்லை. சொன்ன பிறகு என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கடைசியா எப்ப வந்துச்சு? மாத்திரைய விட்றாமச் சாப்பிடுறியா? தலை சுத்துதா? ராத்திரி தூக்கம் வருதா? விழுந்தப்ப எங்கயும் அடிபடலயே? ஒன்றுக்கு நான் பதில் சொல்லும் முன்பே அடுத்தது வந்தது. அவர் கண் நிறைந்து வழிந்தது. ஏறக்குறைய ஒரு வருடமாக, வெளியே தெரிந்துவிடுமோ என்று என்னை விசாரிக்கக்கூட முடியாமல் இருந்திருக்கிறார்.

"மாத்திரை தீர்றதுக்கு முன்னாடியே நான் வாங்கியாந்துருவேன்க்கா" என்றார் மாப்பிள்ளை.

அப்போதுதான் அக்கா அவரை நேராகப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உக்காருங்க தம்பி. சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார்.