திவச இலையில் ஒரு கிழங்கு

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எம்.ஏ. வரலாறு படிக்கப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது வீட்டில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. மிருதங்கம், சம்ஸ்கிருதம், ஹோமியோபதி மூன்றையும் ஏற்கெனவே பாதியில் விட்டவன் நான். நாலாவதை எந்த இடத்தில் விடுவேன் என்று பார்க்கிற ஆவல் மட்டும் என் மனைவியின் முகத்தில் தெரிந்தது.

வரலாற்றோடு ஒரு அயல்மொழியும் அதன் பண்பாடும் சேர்த்துப் படிக்கலாம் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது. பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் வரிசை வாசல் வரை நின்றது. ஸ்பானிஷுக்கு ஒரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்துநாலு வருஷம் அலுவலகத்தில் இருந்தவனுக்குக் கூட்டமில்லாத கவுன்ட்டரைக் கண்டால் கால் தானாகப் போகும். போயிற்று. ஸ்பானிய நாகரிகத்தின் மேல் எனக்கு ஏற்பட்ட ஈடுபாட்டின் முழு வரலாறு இவ்வளவுதான்.

அந்தப் பெண் ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து வந்தவள். வயது இருபத்திரண்டு. பெசன்ட் நகர் கடற்கரைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களோடு சின்ன வயதிலிருந்து பேசிப் பேசி, எந்த மொழியைப் பார்த்தும் பயப்படாத ஒரு வாய் அவளுக்கு அமைந்திருந்தது. எனக்கு நேர் எதிர். மயிலாப்பூரிலிருந்து தரமணிக்குப் பறக்கும் ரயிலில் போகும்போது வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஏதோ ஜபம் என்று நினைத்து எதிர் இருக்கைக்காரர் ஒருவர் கால்களை மடக்கி மரியாதையாக உட்கார்ந்தார். முதல் இரண்டு பருவங்களிலும் ஸ்பானிஷில் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொட்டும் தொடாமலும் கடந்தேன். எனக்கு நிகழ்காலத்தில் மட்டும்தான் பேச வரும். வரலாற்று மாணவனுக்கு இது ஒரு குறை என்று எங்கள் ஸ்பானிஷ் ஆசிரியை ஒரு தடவை மிகுந்த பண்போடு சொன்னார். அடையாறில் பிறந்து ஸ்பெயினில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர் அவர். திட்டவே மாட்டார். இடது புருவம் மட்டும் ஏறும்.

மூன்றாம் பருவத்தில் சிக்கல் வந்தது. வரலாற்றுத் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு செமினாரில் பதினைந்து நிமிடம் ஸ்பானிஷில் பேச வேண்டும். ஆசிரியையும் வரலாற்றுப் பேராசிரியரும் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அதில் தேறாவிட்டால் ஸ்பானிஷ் சான்றிதழிலிருந்து எடுக்கப்படும். வெறும் வரலாற்றோடு போக வேண்டியதுதான். மறுதேர்வு கிடையாது. எனக்கு அது தாங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆள் இல்லாத கவுன்ட்டர் என்று போனவன், எப்போதோ அந்த மொழியின் மேல் ஆசை வைத்திருக்கிறேன். பேசத்தான் வரவில்லை.

தலைப்பு ஒரு வகுப்பில் தானாக மாட்டியது. ஸ்பானியக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகத்துக்குக் கொண்டுவந்த செடிகளின் பட்டியலைப் பேராசிரியர் திரையில் போட்டார். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி. அங்கிருந்து சில நேராகவும் சில போர்த்துகீசியர் கை மாறியும் நம் ஊருக்கு வந்தன என்றார். நான் காலையில் சாப்பிட்டதை எண்ணிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு மசாலா, வேர்க்கடலைச் சட்னி, தக்காளிச் சட்னி, மிளகாய்ப்பொடி. தோசையைத் தவிர எல்லாம் கப்பலில் வந்தவை. ரயிலில் வீடு திரும்பும்போது ஒரே கேள்வி மண்டையைக் குடைந்தது. இதெல்லாம் வருவதற்கு முன்னால் மயிலாப்பூரில் என்னதான் சாப்பிட்டார்கள்?

மந்தைவெளி தாண்டி ரயில் வளைகிறபோது பதில் உறைத்தது. வருஷத்தில் ஒரு நாள் நானே அதைச் சாப்பிடுகிறேனே. அப்பாவின் திவசச் சமையலில் மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், இஞ்சி, எள்ளுருண்டை. ஸ்பானியக் கப்பல் வந்து சேராத ஒரே துறைமுகம் எங்கள் வீட்டுத் திவச இலைதான்! உற்சாகத்தில் இறங்க வேண்டிய நிலையத்தை விட்டு அடுத்ததில் இறங்கினேன்.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். திவச இலை என்பது ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆவணம், அதில் ஒரு அமெரிக்கச் செடிகூட இல்லை என்பது என் வாதம். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் இந்த மண்ணிலேயே விளைந்தவை, அவையும் திவசத்தில் ஆகாது, அதற்கு எந்தக் கப்பலைக் குற்றம் சொல்வது என்ற சின்னச் சங்கடம் இருந்தது. அவற்றை வசதியாக மறந்தேன். சமையல் பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதினேன். பத்தடி தள்ளி அடுக்களையில் என் மனைவி இருந்தாள். அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கேட்டால் எடுபிடி வேலை வரும் என்ற பயத்தில் முப்பது வருஷமாக அந்தப் பக்கம் போகாமல் இருந்து பழகிவிட்டது.

திங்கட்கிழமை செமினார். அதற்கு முந்தின சனிக்கிழமை அப்பாவின் திதி. காலையிலிருந்து பட்டினி; பஞ்சகச்சம், புகை, மந்திரம். அழைத்திருந்த பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, காக்கைக்குப் பிண்டம் வைத்து, நான் இலையில் உட்காரும்போது மணி மூன்று. பசியில் இலையே இரண்டாகத் தெரிந்தது. இருந்தாலும் ஆராய்ச்சியாளனின் பெருமிதத்தோடு ஒவ்வொரு கறியாகப் பார்த்து, மனதுக்குள் ஸ்பானிஷில் பெயர் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். வட்ட வட்டமாக, மிளகுப்பொடி தூவி, ஓரம் முறுகலாக ஒரு வறுவல். இரண்டு வில்லை உள்ளே போயிற்று. தித்தித்தது.

மனைவி வாளியோடு வந்து நின்று கேட்டாள்: “சர்க்கரைவள்ளி இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

வாயில் இருந்ததை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. என் ஸ்லைடில், அமெரிக்கச் செடிகள் என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக, வண்ணப் படத்தோடு இருந்தது அது. ஸ்பானிஷில் அதன் பெயர் பதாத்தா.

இது எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், பட்டினி தலைக்கேறிவிட்டதோ என்ற கவலை இருந்தது.

“என்னிக்கும் உண்டு. ஒங்கம்மா எழுதிக் குடுத்த லிஸ்ட்லயே இருக்கு. முப்பது வருஷமா கேட்டு வாங்கிச் சாப்ட்டுண்டு இருக்கேளே, என்னன்னு நெனச்சேள்?”

சேப்பங்கிழங்கு என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அடுக்களை அலமாரியில், பழுப்பேறிய நோட்டில் அம்மாவின் கையெழுத்து இருந்தது. நான் ஞாபகத்திலிருந்து எழுதியதற்கு மேல் பதினொரு பொருள்கள் அதில் இருந்தன. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டேன். அவள் புகுந்த வீட்டிலும் சர்க்கரைவள்ளி உண்டாம். பக்கத்து வீட்டில் கிடையவே கிடையாதாம்.

ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நானும் அந்தப் பெண்ணும் பேசிப் பழகுவது வழக்கம். அவள் ஸ்பானிஷில் கேள்வி கேட்பாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு விஷயத்தைத் தமிழிலேயே சொல்லிவிட்டு என் திட்டத்தையும் சொன்னேன். செமினாரில் உட்காரப் போகும் இருவர் வீட்டிலும் திவசம் கிடையாது, எனக்குத் தெரியும். ஸ்லைடிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டால் போதும். புதிதாக வாதத்தை மாற்றிப் பேச என் ஸ்பானிஷ் இடம் கொடுக்காது. மாற்றினால் தோற்பேன்.

அவள் மணலில் எதையோ கிறுக்கிக்கொண்டே கேட்டாள். “இன்னா அங்கிள், ஒரே ஒரு கெழங்க மறைக்கிறதுக்கா ஒன்ற வருஷம் ஹிஸ்டரி படிச்சீங்க?”

கிழங்கு ஒன்றுதான், ஆனால் அதோடு ஸ்பானிஷே போய்விடும் என்றேன்.

“போவாது. அந்தக் கெழங்கு எப்டி உள்ள வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியணும்னு இல்லியா? எனக்குத் தெரியணும்பா.”

அது எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. தக்காளியை வாசலிலேயே நிறுத்திய வீடு இதை மட்டும் எப்படி இலை வரைக்கும் விட்டது? மண்ணுக்கடியில் விளைவதால், பார்க்க நம் வள்ளிக்கிழங்கு மாதிரியே இருப்பதால், பழைய ஆள் என்று நினைத்துவிட்டார்களோ? படிக்கப் போனால் விஷயம் இன்னும் சுவாரசியமாக இருந்தது. ஸ்பானியர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே சர்க்கரைவள்ளி பசிபிக் தீவுகள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. எப்படிப் போயிற்று என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. கப்பலே தேவைப்படாத கிழங்கு. அந்தப் பெண் என் ஏட்டில் ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்து, இருபது தடவை சொல்ல வைத்தாள். மே எகிவோகே. நான் தவறு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை அதில்தான் ஆரம்பித்தேன். ஆசிரியையின் இடது புருவம் ஏறியது. நான் இறந்த காலத்தில் பேசியதே காரணமாக இருக்கலாம். என் வாதத்தைச் சொன்னேன், பிறகு அது உடைந்த கதையைச் சொன்னேன். மூன்று மணிக்குப் பசியோடு இலையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது சொற்கள் தீர்ந்துபோய், வாயில் கிழங்கோடு விழித்ததை நடித்துக் காட்டினேன். பேராசிரியர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறி இருமினார். இருமி முடித்ததும், புதிதாகச் சேர்த்திருந்த ஆகாத காய்களின் பட்டியலைக் காட்டி, நான் எதற்காகப் பயந்தேனோ அதையே கேட்டார். முருங்கைக்காய் எந்தக் கப்பலில் வந்தது?

நோ சே என்றேன். தெரியாது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் தடுமாறாமல் சொன்ன ஒரே பதில் அது.

இருவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். முடிவை நிறுத்தி வைப்பதாக ஆசிரியை சொன்னார். மாதக் கடைசிக்குள் எழுத்தில் ஒரு கட்டுரை, ஸ்பானிஷில். ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. பத்து வீட்டு அடுக்களைகளில் கேட்டு எழுத வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி வீடாக இருக்கக் கூடாது. அதைப் பார்த்துத்தான் ஸ்பானிஷ் இருக்குமா போகுமா என்பது.

ஒன்பது வீடுகள் மாட வீதிகளைச் சுற்றியும் மாம்பலத்திலும் கிடைத்தன. ஒன்பதிலும் ஒன்பது சட்டம். ஒரு வீட்டில் சர்க்கரைவள்ளியைத் தள்ளிவிட்டுப் பரங்கிக்காயை உள்ளே விட்டிருந்தார்கள், அதுவும் அமெரிக்காதான். அதை அந்த மாமியிடம் சொன்னேன். உங்களை வீட்டுக்குள் விட்டதே தப்பு என்று மோர் கொடுத்து அனுப்பினார்.

பத்தாவது வீடு அந்தப் பெண்ணுடையது. படகுகளைத் தாண்டி, வலை காய்கிற சந்துக்குள் போக வேண்டும். அவள் அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த நாளில் என்ன படைப்பீர்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். மீன் ஆய்ந்துகொண்டே சொன்னார். தக்காளி அள்ளிப் போட்ட வஞ்சிரக் குழம்பு, மிளகாய் தூக்கலாக வறுத்த மீன், உருளைக்கிழங்கு, அவர் விரும்பிச் சாப்பிட்ட கடலை மிட்டாய். நான் எழுத எழுத, ஒரு வரி விடாமல் கப்பலில் வந்த ஏதோ ஒன்று இருந்தது. பிறகு எங்கள் வீட்டில் என்ன என்று அவர் கேட்டார். சொன்னேன். மிளகாயே கிடையாது என்றதும் கையிலிருந்த கத்தி நின்றது.

“மொளகா இல்லாமயா படைக்கிறீங்க? செத்துப் போனவங்க இன்னாபா பாவம் பண்ணாங்க?”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். வரலாற்றில் இதற்குப் பாடமே இல்லை.

வீட்டுக்கு வந்து கட்டுரையின் முதல் வரியாக அந்தக் கேள்வியையே ஸ்பானிஷில் போட்டேன். நாலு அகராதி திறந்து பாவம் என்பதற்குச் சொல் தேடிக்கொண்டிருந்தபோது, என்ன அப்படித் தேடுகிறேன் என்று மனைவி கேட்டாள். கேள்வியைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து சொன்னாள்:

“ஒங்கப்பாக்கு மொளகா பஜ்ஜின்னா உசிரு. பிரஷர் ஏறிடும்னு ஒங்கம்மா கூடாதும்பா. நான்தான் கடைலேர்ந்து வாங்கிண்டு வந்து ஒளிச்சுக் குடுப்பேன்.”

எனக்கு அது தெரியாது. அப்பா என்னோடு முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தார். வருஷம் தவறாமல் அவருக்கு மிளகு போட்டுச் சமைத்து, எள் இறைத்து, திருப்தியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று இரவு கட்டுரையில் ஒரு பத்தி கூடியது. இறந்த காலத்தில், மொத்தமும்.

ஒரு வாரத்தில் கட்டுரை திரும்பி வந்தது. பக்கத்துக்கு இருபது சிவப்புக் கோடுகள். பஜ்ஜிப் பத்தியில் மட்டும் திருத்தம் எதுவும் இல்லை; ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: ஆதாரம்? அதன் கீழே என் மனைவி என்று ஸ்பானிஷில் எழுதி, அவள் பிறந்த வருஷத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஆசிரியை புருவத்தை உயர்த்தாமல் படித்தார். ஸ்பானிஷ் சான்றிதழில் இருக்கிறது, தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் மேலே. வயதை எழுத்தில் போட்டதற்காக ஆதாரம் என்னோடு மூன்று நாள் பேசவில்லை.