தண்ணீருக்கு அர்த்தம்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமக்கும் ஞானசிகாமணிக்கு வேதாகமத்துத் தரிசனங்கள் எல்லாம் அத்துப்படி. வெள்ளிதோறும் வீட்டு ஜெபத்தில் படத்துணியைத் தொங்கவிட்டு, ஏழு தலை மிருகத்தையும் அதன் பத்துக் கொம்புகளையும் குச்சியால் தொட்டுத் தொட்டு அர்த்தம் சொல்வார். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொன்னதே இல்லை.

போன மாதம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போன மகள் எப்சிபாவைக் காட்டுவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அடக்கம் முடிந்த நாலாம் வெள்ளி, சபையார் வற்புறுத்தவே மறுபடி குச்சியை எடுத்தார். படத்தில் மிருகம் எழும்பி வரும் தண்ணீரைக் குச்சி தொட்டதும் பழகிய வாய் தானாகவே சொன்னது: "தண்ணின்னா தண்ணி இல்ல. அது சனங்களுக்கு அடையாளம்."

சபையார் ஆமென் என்றார்கள்.

பின்வரிசையிலிருந்து மனைவி கிறிஸ்டியம்மாள் கேட்டாள்: "அப்ப எம் புள்ளய இழுத்துட்டுப் போனது எந்தச் சனம்? அதையும் தொட்டுக் காட்டுங்க."

ஞானசிகாமணி படத்துணியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேடினார்.