எனக்கு மட்டும் மஞ்சள் சீட்டு

இன்றைக்கும் மஞ்சள் அட்டையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் என் சித்தப்பா.

எண்பதுகளில் அப்பாவும் சித்தப்பாவும் ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். சித்தப்பா இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். இயந்திரத்திலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்துச் சீட்டுக் கட்டுவார். சரியாக இருந்தால் பச்சை. இன்னும் கொஞ்சம் வேலை செய்தால் தேறும் என்றால் மஞ்சள். சிவப்பு கட்டியது நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். கல்லூரியில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர் என்பதால், ஷிப்ட் முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு தகரக் கொட்டகையில் அதைக் கற்றுக்கொடுத்தார். இயந்திரம் வந்து இறங்கிய பெட்டியின் மரத்தை இழைத்து, நாங்கள் ஏறி நடக்கவும் திரும்பவும் குதிக்கவும் ஒரு கட்டை செய்து வைத்திருந்தார்.

தர்மபுரியில் நடந்த மாவட்டப் போட்டியில், கட்டைமேல் செய்யும் பிரிவில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அப்போது எனக்குப் பத்து வயது. ஒரு வாரம் மெடலைக் கழற்றாமல் பள்ளிக்கூடம் போனேன்.

அடுத்த போட்டிக்கு ஒரு வருடம் இருந்தது. போட்டி இல்லை என்றதும் பிள்ளைகள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு டியூஷன். பதினொரு பேர் ஆறு பேர் ஆனோம். சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? கலர் அட்டை வாங்கிச் சதுரமாக வெட்டி, நூல் கோத்து, தொழிற்சாலைச் சீட்டுகளைக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டார். சிவப்பை மட்டும் வெட்டவில்லை. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவர் சட்டைப் பித்தானிலும் அன்றைய சீட்டைக் கட்டுவார். பத்துப் பச்சை சேர்த்தால் கடலை மிட்டாய். ஓடிப்போனவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள்.

எனக்கு மஞ்சள். மறுநாளும் மஞ்சள். மெடல் வாங்கியவளுக்கு மஞ்சள்!

"இன்னிக்குமா சித்தப்பா?"

"ஆமா பாப்பா. நாளைக்குப் பாக்கலாம்."

அந்த நாளை வரவே இல்லை. குட்டிக்கரணம் போட்டால் கோணிக்கொண்டு சுவரில் போய் முட்டுகிறவனுக்கெல்லாம் பச்சை கிடைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அஞ்செட்டிப் பெண்ணுக்குத் தினமும் பச்சை கட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் தொழிற்சாலை வாட்ச்மேனின் மகள், என் வயதுதான். அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டுக் கிராமத்திலிருந்து அந்த வருடம்தான் வந்திருந்தார்கள். கட்டையில் ஏறினால் நான்கு எட்டு வைப்பதற்குள் விழுவாள். விழுந்து எழுந்து வந்து பச்சைச் சீட்டை வாங்கிக்கொண்டு போவாள். நான் என் சீட்டைப் பித்தானிலிருந்து பிய்த்துக் கொட்டகைக்குப் பின்னால் வீசிவிட்டு வீட்டுக்கு நடப்பேன்.

என் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா ஒருநாள் சித்தப்பாவிடம் கேட்டேவிட்டாள். "சொந்த அண்ணன் மகளுக்கு ஒரு பச்சை கட்டினா உங்க கை தேஞ்சா போயிடும்?"

"அந்த வாட்ச்மேன் பொண்ணுக்குப் பச்சை இல்லன்னா நாளைக்கே வராம நின்னுடும் அண்ணி. ஏதோ வந்துட்டுப் போனா போதும். பாப்பா நிக்காது."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் நிற்க மாட்டேன் என்று இவருக்கு யார் சொன்னது? நின்று காட்டியிருப்பேன். மெடல்தான் விடவில்லை. தர்மபுரியில் இந்த முறை முதல் பரிசு எனக்குத்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

போட்டி நெருங்கியபோது, ஒரு குழுவிலிருந்து கட்டைப் பிரிவுக்கு ஒருவர்தான் வரலாம் என்று கடிதம் வந்தது. தன் வீட்டுப் பிள்ளையைத் தானே தேர்ந்தெடுத்தார் என்ற பேச்சு வரக்கூடாது என்று, சித்தப்பா வெளியிலிருந்து ஒரு விளையாட்டு டீச்சரை அழைத்து வந்தார். நான் ஏறினேன். திரும்பும்போது கொஞ்சம் ஆடினேன், ஆனால் விழவில்லை. அடுத்து அஞ்செட்டிப் பெண் ஏறினாள். எரிச்சலில் அவள் ஏறும் பக்கமே நான் பார்ப்பதை விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது; இன்று அவள் விழுவதைப் பார்க்கத் தயாராக இருந்தேன். அவள் ஆடக்கூட இல்லை. கால் விரல்களை நீட்டி நடந்தாள், திரும்பினாள், குதித்துச் சிலை மாதிரி நின்றாள். டீச்சர் அவள் பெயரைத்தான் எழுதினார்.

"இது மோசம்! சித்தப்பா அவளுக்குத் தினமும் சும்மாவே பச்சை கட்டினார்!" என்று கத்தினேன்.

அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். உள்ளே கத்தையாக மஞ்சள் சீட்டுகள்.

"எல்லாம் நீ வீசுனதுதான். பின்னாடி திருப்பிப் பாரு."

திருப்பினேன். பின்பக்கத்தில் சித்தப்பாவின் பொடிப்பொடியான எழுத்து. 'திரும்பும்போது இடது கால் விரல் மடங்குகிறது.' 'குதிக்கும் முன் தரையைப் பார்க்காதே.' ஒவ்வொன்றிலும் ஒன்று. தொழிற்சாலையில் மஞ்சள் சீட்டு வந்தால் எல்லோரும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்களாம். குறை அங்கேதான் எழுதியிருக்கும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தாராம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஒரு வருடமும் தோன்றவில்லை! நான் வீசியதைப் பொறுக்கி, அவளுடைய அப்பாவின் டியூட்டி முடியும்வரை தனியாக ஏறி ஏறி, என் குறைகளைத் தன் காலில் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

பாக்ஸின் அடியில் இருந்த பச்சைச் சீட்டுகளையும் அவள் எடுத்தாள். ஒன்றைக்கூடக் கடலை மிட்டாய்க்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி, கட்டைக்கு அடியில் விரித்திருந்த மெத்தையில் வைத்தாள். எல்லாம் வெறுமையாக இருந்தன.

"சார், எனக்கு ஒரு நாளாவது ஏதாச்சும் எழுதுனீங்களா?" என்று சித்தப்பாவைக் கேட்டாள்.

தன்னிடம் ஒரு குறையும் இல்லை என்று பீற்றிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். "ரொம்பத்தான் பெருமை, போடி!" என்று சொல்லிவிட்டுச் சீட்டுகளைக் காலால் எத்தினேன். சித்தப்பா ஒரு பச்சைச் சீட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஏன் என்னைத் திட்டவில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கொட்டகையில் அன்று என்னைவிடக் கோபமாக நின்றவள் அவள்தான் என்பதும் தெரியவில்லை.