மலையரசி தேன் பாட்டில்

மலைமேல் இருக்கிற எங்கள் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் இளவரசன் கடை எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. டப்பாக் கடை என்று கேட்க வேண்டும். அதற்காக அவர் டப்பா விற்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். கடையின் மூன்று சுவரிலும் பலகை அடித்து, பழைய தேயிலை டின், பிஸ்கட் டின், முகப்பவுடர் டப்பா, சோப்பு உறை, பீடிக்கட்டு லேபிள், மண்ணெண்ணெய் அடுப்புக் கம்பெனியின் தகர போர்டு என்று அடுக்கி வைத்திருக்கிறார். பக்கத்துக் கடை என்னுடையது. தையல் கடை. மழைக்காலத்தில் அவர் கடைத் துருவின் வாசனைக்கு நடுவில்தான் நான் ஜாக்கெட் தைக்க வேண்டும்.

வண்டிக்குக் காற்றடிக்க வருகிறவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்குண்ணே சேக்கறீங்க?" என்று கேட்பார்கள்.

"சும்மாதான்" என்பார்.

சும்மா ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். எல்லாம் ஒரு தேன் பாட்டிலில் ஆரம்பித்தது.

அவர் மனைவி முனியம்மா எனக்கு உயிர்த் தோழி. பொழுது போகாவிட்டால் என் கடைக்கு வந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் சந்தையில், கீழ்நாட்டிலிருந்து தேன் வாங்க வந்த வியாபாரி ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, புதிதாக மலையரசித் தேன் என்று ஒன்று போடுகிறோம், லேபிளுக்கு உன் படம் வேண்டும் என்றார். இடுப்பில் ஒரு கூடையைக் கொடுத்து நிற்க வைத்துப் படம் பிடித்தார். ஒரு சேலை கொடுத்துவிட்டுப் போனார். லேபிளில், 'மலைமகள் கையால் எடுத்த சுத்தமான தேன்' என்று அச்சாகி வந்தது. மலைமகளாவது! மலைக்குக் கீழே கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். தேனீ என்றால் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த லேபிளைப் பார்த்துப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். கடைசி பஸ் போய்விட்டது, ஜீப் கிடைத்து மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்தது. குழந்தை அபிநயாவுக்கு அப்போது மூன்று வயது. இளவரசன் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு மனசே இல்லையா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பேசினால் பேசுவார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். வெகுநேரம் சம்மணம் போட்டு மரத்துப்போன கால் மாதிரி ஆகிவிட்டார் மனிதர். குழந்தையை அவர் தங்கை குப்பம்மா கீழே கூட்டிக்கொண்டு போய் வளர்த்தாள்.

முனியம்மாவுக்கு வேறு படம் கிடையாது. கல்யாணம் கோயிலில் நடந்தது, போட்டோக்காரர் வரவில்லை. ஓட்டு அட்டையில் இருந்ததோ மை அப்பிய ஒரு உருண்டை. ஆகவே மலையரசித் தேன் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து, தான் உட்காரும் இடத்துக்கு எதிரே பலகையில் வைத்தார். கொஞ்ச நாளில் அதன் பக்கத்தில் ஒரு தேயிலை டின் வந்தது. அப்புறம் ஒரு பவுடர் டப்பா. பெண்டாட்டி படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று யாரும் கேலி பேசிவிடக் கூடாதே, அதற்குத்தான். ஒரு பாட்டிலை மறைக்க ஒரு கடை நிறைய டப்பா. அவர் வாய் விட்டுச் சொன்னதில்லை. பக்கத்தில் இருக்கிறவளுக்கு இது தெரியாதா?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ரிசார்ட்டுக்காரர் வந்து, சுவரில் மாட்ட வேண்டும் என்று பாதிப் பலகை டப்பாவை விலைக்குக் கேட்டார். இளவரசன் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ நாள் அலைந்து சேர்த்தது. போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆள் தேன் பாட்டிலில் கை வைத்தபோது மட்டும், "அது குடுக்கறதில்லீங்க" என்றார்.

போன தை மாதம் அபிநயாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். வீட்டில் பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை நினைத்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, புதுச் சேலை வைத்துக் கும்பிடுவது. முன்பெல்லாம் சேலையும் செம்பும்தான். இப்போது போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைக்கிறார்கள். அபிநயா கடைக்கு வந்து நின்றாள்.

"எப்பா, அந்தத் தேன் பாட்டில குடு. அம்மா படத்தப் பெருசு பண்ணி வெக்கணும். அவங்க மூஞ்சியப் பாத்துக் கும்புட்டுட்டு மணவறைல குந்தணும், அவ்ளோதாம்ப்பா."

கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. மறுநாள் இளவரசன் பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கலசப்பாக்கம் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார். நூல்கண்டு வாங்க வேண்டியிருந்ததால் நானும் அதே பஸ்ஸில் போனேன்.

ஸ்டுடியோ தனசேகரன் பாட்டிலை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல மூஞ்சி எங்க கீது?"

நானும் குனிந்து பார்த்தேன். வெளிறிய காகிதத்தில் நீலமாக ஒரு நிழல். கூடையின் வளைவு தெரிந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"வெயில் பட்ற எடத்துல வெச்சிருந்தீங்களா? செவப்பும் மஞ்சளும் மொதல்ல போய்டும்ணே. நீலம்தான் கொஞ்சம் நிக்கும்" என்றார் தனசேகரன்.

இளவரசன் தனக்கு எதிரே பாட்டிலை வைத்த பலகையில் சாயங்கால வெயில் நேராக விழும். தினம் தினம் பார்த்த கண்ணுக்கு அது அழிந்தது தெரியவில்லை. நானும்தான் எட்டிப் பார்க்காமல் விட்டேன்.

"கம்ப்யூட்டர்ல வரைஞ்சி தர்றேன். அடையாளம் சொல்லுங்க. மூக்கு எப்பிடி இருக்கும்? நெத்தி?"

இளவரசன் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு நானே, "முன்பல்லு ரெண்டும் லேசா தூக்கலா இருக்கும்" என்று ஆரம்பித்தேன். அவர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு மனிதர் அலைந்த அலைச்சல் கொஞ்சம் இல்லை. முதல் தடவை அச்சடித்த மலையரசி லேபிள் ஒன்று எங்காவது இருட்டில் கிடக்காதா என்று. டப்பா தேடிப் போய்ப் பழகிய பழைய இரும்புக் கடை, மூடிக்கிடந்த மளிகைக் கடை, பரண் என்று ஒன்று விடவில்லை. கடைசியில் கீழ்நாட்டு வியாபாரியின் மகன் தங்கள் கிடங்கிலிருந்து, மிஞ்சிக் கிடந்த லேபிள் கட்டு ஒன்றையே தூக்கிக் கொடுத்துவிட்டான். நிறம் மங்காமல் பளபள என்று இருந்தது.

என்னிடம் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது இரண்டாவது அச்சு. சேலை அதே சேலை. கூடை அதே கூடை. முகத்தை மட்டும் எவனோ உட்கார்ந்து மாற்றியிருக்கிறான். தோலை வெளுத்து, மூக்கை நீட்டி, தூக்கலாக இருந்த பல்லை வரிசையாக்கி, கன்னத்தில் ஒரு குழி. "அவளுக்கு ஏது தம்பி குழி?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

இளவரசன் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த முறை வந்த அபிநயா அதைப் பார்த்துவிட்டாள். "அம்மா இவ்ளோ அழகாப்பா?" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ச் சட்டம் போட்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அது அவள் அம்மா முகம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

படையல் அன்று நடுவீட்டில் மணை போட்டு, செம்பு வைத்து, சேலையை விரித்து, குப்பம்மா அந்தப் படத்தைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தாள். பொட்டு வைக்கப் போன நேரத்தில் இளவரசன் எழுந்து வந்து படத்தை எடுத்துத் திருப்பிச் சுவரோரம் வைத்தார்.

"இன்னாண்ணா பண்ற?" என்றாள் குப்பம்மா.

"அது அவ இல்ல."

அபிநயா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அப்ப அம்மா எப்பிடித்தாம்ப்பா இருப்பாங்க? நீயாச்சும் சொல்லு. கண்ண மூடி நெனச்சிக்கிறேன்."

"தெர்லம்மா" என்றார். "கண்ண மூடுனா அந்த நீலம்தான் வருது. வேற ஒண்ணும் வர்ல."

அதைக்கூட அழாமல்தான் சொன்னார். டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்வாரே, அந்தக் குரல். அபிநயாதான் அழுதாள். ஒன்றைக் கட்டிக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை வருஷம் எதிரே வைத்துப் பார்த்துப் பார்த்தே தொலைத்திருக்கிறாரே மனிதர் என்று எனக்கு ஆறவில்லை.

படம் இல்லாமல் செம்புக்கும் சேலைக்கும் கற்பூரம் காட்டினார்கள். வழக்கப்படி படைத்த சேலையைக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அபிநயா முகம் கழுவி, அதைக் கட்டிக்கொண்டு வந்து செம்புக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். இளவரசன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக என் பக்கம் வந்தார்.

"அக்கா, உனக்குத் தெரியுமே. அவ இந்த மாதிரியா இருந்தா?"

அபிநயா அச்சு அசல் குப்பம்மா. அதே அகன்ற தாடை, அதே சின்னக் கண். முனியம்மாவின் சாயல் அந்தப் பெண்ணிடம் ஒரு துளி கிடையாது.

"ஆமா தம்பி. அப்பிடியே அவதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு முறை மகளை உற்றுப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் ஓவென்று அழுதார். அபிநயா ஓடிவந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "முனிம்மா, முனிம்மா" என்றார். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. தேனீக்குப் பயந்து ஓடுகிற என் முனியம்மாவை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருந்தது.